நீலப் பென்சில் போட்ட கூண்டுகள்

எலிக்குத் தண்ணீர் வைப்பது சுலபமான வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள் என்பது நேற்று விசாரணையில் நீங்கள் கேட்ட கேள்வியிலேயே தெரிந்தது. "தண்ணி வைக்கிறதைத் தவிர உங்களுக்கு அங்க வேற என்ன வேலை?" என்றீர்கள். எனக்குக் கோபமில்லை. இருபத்தாறு வருடமாக இதே கேள்வியை என் சம்பந்தி வரைக்கும் கேட்டிருக்கிறார்கள்.

இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு கூண்டுக்கு ஒரு புட்டி. புட்டியின் வாயில் ஒரு வளைந்த குழாய், குழாயின் நுனியில் ஓர் எஃகு உருண்டை. எலி நாக்கால் உருண்டையைத் தட்டினால் ஒரு சொட்டு இறங்கும். குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் இறங்காது. புட்டி நிறைய இருக்கும், பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும், இரண்டு மூன்று நாளில் எலி தாகத்திலேயே போய்விடும். அதனால் புட்டியைத் தலைகீழாக மாட்டியதும் நுனியை ஒருமுறை விரலால் தட்டி, விரல் ஈரமாகிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஒரு நாளும் அதை விட்டதில்லை. என் கையில் ஒரு எலிகூடத் தாகத்தால் செத்ததில்லை. இதை எங்காவது ஒரு மூலையில் குறித்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். வரிசையாக எழுதினால்தான் எனக்கு வரும்.

எங்கள் விலங்குக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. சன்னல் கிடையாது. காலை ஆறு மணிக்கு விளக்கு தானாக எரியும், மாலை ஆறு மணிக்குத் தானாக அணையும். வெளியே மழையா வெயிலா என்று எலிகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மேல் மாடிகளில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் கீழே இறங்கி வர மாட்டார்கள். வாடை. எனக்கு அது வாடையாகத் தெரிவது நின்று பல வருடம் ஆகிறது. ஆனால் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்கிறவர்களுக்குத் தெரியும் போலிருக்கிறது. இரண்டு நிறுத்தம் போனதும் எழுந்து நின்றுகொள்வார்கள். மேலே இருப்பவர்கள் என்னை எலிக்காரர் என்பார்கள். எலி வேண்டுமென்றால் சீட்டு வரும். வேலை முடிந்த எலிகள் ஒரு பையில் திரும்பி வரும். ஆள் யாரும் வர மாட்டார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ள மகன் வீட்டுக்குப் போனாள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பேரனுக்கு இப்போது மீசை அரும்புகிற வயசு. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிடுவான். "சாப்டீங்களாப்பா" என்பான். சாப்பிட்டேன் என்பேன். அம்மா குளிக்கப் போயிருக்கிறாள் என்பான். என்னைக் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் நெடுநேரம் குளிப்பாள்.

ஒரு மாலை, பேருந்து நடத்துநரிடம் இறங்கும் இடத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. தொண்டை கம்மிப் போயிருந்தது. காலையிலிருந்து நான் பேச வந்த முதல் வார்த்தை அதுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் இரக்கத்துக்காக இதை எழுதவில்லை. காரணம் கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

டாக்டரம்மா வந்தது நாலு வருடத்துக்கு முன்னால். முப்பத்திரண்டு வயசு இருக்கும். மற்றவர்களைப் போல எலியை மேலே வரவழைக்காமல், இதயத்தைப் படம் பிடிக்கும் இயந்திரத்தைத் தானே தள்ளிக்கொண்டு கீழே வந்தார். எலியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால் பயத்தில் அதன் இதயத் துடிப்பு மாறிவிடும், அளவு தப்பாக வரும் என்றார். இது இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முதல் நாள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூண்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுங்கள்ல யாரு ரொம்ப சேட்டை?" என்று கேட்டார்.

பதினேழாம் எண் என்றேன். எப்படி என்று கேட்டார். நான் பத்து நிமிஷம் பேசினேன். அன்று பேருந்தில் குரல் தெளிவாக வந்தது.

நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு ஐம்பத்தேழு வயசு. அப்படி ஒரு நினைப்பு ஒரு கணம்கூட எனக்கு வந்ததில்லை. காலை ஒன்பதரைக்கு ஒரு ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார், வந்ததும் நம்மைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவார் என்பது மட்டும்தான். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள்.

ஆராய்ச்சி இதுதான். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்புக்கு அது அடுப்பு மாதிரி. அதில் சுரப்பது குறைந்தால் உடம்பு மந்தமாகும், குளிரும், முகம் ஊதும், இதயம் தளர்ந்து போகும். மனிதர்களுக்கு வருகிற அந்த நோயை எலிக்கு வரவழைத்தால்தான் மருந்தைச் சோதிக்க முடியும். வரவழைப்பது பெரிய விஷயமில்லை. குடிக்கிற தண்ணீரில் ஒரு மருந்தைக் கலந்து வைத்தால் போதும், சுரப்பி வேலையை நிறுத்திவிடும். மருந்துத் தண்ணீரை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் வைத்தால், மூன்று நாலு வாரத்தில் சுரப்பி மறுபடி விழித்துக்கொள்ளும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள்.

முப்பது கூண்டு, கூண்டுக்கு ஒரு எலி. பத்து எலிக்கு வெறும் தண்ணீர். பத்து எலிக்கு மருந்துத் தண்ணீர். மீதிப் பத்துக்கு மருந்துத் தண்ணீரும் கொடுத்து, தளர்ந்த இதயத்தைத் தேற்றுகிறதா என்று பார்க்க டாக்டரம்மா கண்டுபிடித்த புது மருந்தை இரையில் கலந்தும் கொடுக்க வேண்டும். எந்த எலி எந்தக் குழு என்பது அளவெடுக்கிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆசை கண்ணை மறைத்துவிடும், நல்லதாகவே தெரியும். அதனால் கூண்டின் மேல் எண் மட்டும் இருக்கும். எந்த எண்ணுக்கு எது என்பது தண்ணீர் வைக்கிறவனின் நோட்டில் மட்டும் இருக்கும். அந்த நோட்டைப் பன்னிரண்டாம் வாரம்தான் திறப்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். மேலே பத்துப் பன்னிரண்டு படித்தவர்கள். கீழே ஒரு எலிக்காரன். அத்தனை பேரும் தெரிந்துகொள்ளத் தவிக்கிற விஷயம் அவன் ஒருவனுக்கு மட்டும் தெரியும். அவன் சரியாக இருப்பான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

தினமும் வைப்பதை நோட்டில் குறிக்க டாக்டரம்மாவே எனக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்தார். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். வெறும் தண்ணீருக்குக் குறி இல்லை, மருந்துத் தண்ணீருக்குச் சிவப்பு, மருந்துத் தண்ணீரோடு புது மருந்தும் சேர்ந்தால் நீலம். "என்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணா, நானே கெஞ்சினாலும் சொல்லாதீங்க" என்று சிரித்தார். நான் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

முதல் சுற்று தோற்றது. அதில் என் கை எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்று இரண்டாம் சுற்றைத் தொடங்கினார்கள்.

எலியின் இதயத்துக்கு எனக்கு இயந்திரம் தேவையில்லை. நல்ல எலியை உள்ளங்கையில் எடுத்தால் துடிப்பு தனித்தனியாகத் தெரியாது. கை முழுக்க ஒரு நடுக்கம், அவ்வளவுதான். மருந்துத் தண்ணீர் குடித்த எலிக்கு அப்படி இல்லை. எண்ணிவிடலாம் போலிருக்கும். உடம்பு சில்லென்று இருக்கும், மூக்கோரம் உப்பியிருக்கும், உருண்டையைத் தட்டுகிற சத்தம்கூட யோசித்து யோசித்துத்தான் வரும். ஐந்தாம் வாரம் கூண்டு கழுவும்போது நீலப் பென்சில் போட்ட பத்தையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். சிவப்புப் பத்துக்கும் நீலப் பத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. புது மருந்து ஒன்றும் செய்யவில்லை.

அதற்கு மறுநாள் டாக்டரம்மா முக்காலியில் உட்கார்ந்து, இயந்திரத்தைக்கூட ஓட விடாமல் சும்மா இருந்தார்.

"இந்தத் தடவையும் ஒண்ணும் வரலைன்னா பெரியவர் இதை மூடிடுவார் அண்ணா. சொல்லிட்டார். வேற ஒரு ஊர்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. ரெண்டு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும்."

பெரியவர் என்பது மேலே இருக்கும் தலைமை ஆராய்ச்சியாளர். சொன்னால் செய்கிறவர்.

"நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?" என்று கேட்டேன்.

"என்ன நினைக்க. பெட்டி கட்ட வேண்டியதுதான்."

அடுத்த நாள் காலை, கழுவுகிற அறையில் முப்பது புட்டிகளை வரிசையாக வைத்தேன். பத்தில் மருந்துத் தண்ணீர் ஊற்றினேன். இருபதில் வெறும் தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொன்றாக மாட்டி, நுனியைத் தட்டி, விரல் ஈரமாகிறதா என்று பார்த்தேன். நான் செய்தது இவ்வளவுதான். விஷம் எதையும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினேன்.

பாவப்பட்டுச் செய்தேன் என்று முதலில் எழுத நினைத்தேன். நல்ல காரணம்தான், படிக்கிறவர்களுக்கும் பிடிக்கும். குளிரில் சுருண்டு கிடந்த எலிகளைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று ஒரு வரி எழுதியும் பார்த்தேன். பிறகு அடித்துவிட்டேன், மேலே கோடு தெரியும். சிவப்புப் பென்சில் போட்ட பத்தும் அதே தட்டில்தான் சுருண்டு கிடந்தன. அவற்றின் தண்ணீரை நான் மாற்றவில்லை. அவை அப்படியே இருந்தால்தான் நீலம் எழுந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் வாரம் நீலப் பத்தும் கையில் நடுங்கின. அளவெடுத்து முடிந்த பிறகு இதயத்தைத் தனியே எடுத்து எடை போடுவார்கள். அதற்கு முன்னால் எலியை முடிக்கிற வேலை என்னுடையது. வலிக்காமல் செய்வேன். நோட்டைத் திறந்து எண்களை ஒப்பிட்ட டாக்டரம்மா இரண்டாம் முறையும் ஒப்பிட்டுப் பார்த்தார். என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். உறை மாட்டாத கை. யாராவது என் கையைப் பிடித்து எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று அப்போது கணக்குப் போட்டேன். ஒன்பது.

ஒரே ஒரு இடத்தில் பிடிபட்டிருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் நீல எலிகளின் தைராய்டு சுரப்பும் பழைய அளவுக்கு ஏறியிருந்தது. புது மருந்து இதயத்துக்கானது. அது சுரப்பியை எழுப்பும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் மாறியிருக்குமோ என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அவர் கேட்கவும் செய்தார்.

"அண்ணா, தண்ணி எதுவும் மாறலையே? ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட மாறலைம்மா," என்றேன்.

அது உண்மை. ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு நாள்கூட மாறாமல் அதே தண்ணீரைத்தான் வைத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. "அப்போ இது இதயத்தை மட்டும் தேத்தலை அண்ணா. சுரப்பியையே எழுப்பி விட்டிருக்கு" என்றார். தண்ணீரைச் சந்தேகிப்பதைவிட மருந்தைப் பெரிதாக நினைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. இந்தத் தவறை நீங்களோ நானோ செய்ய மாட்டோம். நிறையப் படித்தவர்கள்தான் செய்வார்கள்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று சுற்று. மூன்று முறையும் நான்தான் தண்ணீர் வைத்தேன். மூன்று முறையும் அதே முடிவு. பெரியவர் ஒருநாள் கீழே இறங்கி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டே என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். டாக்டரம்மா இரண்டாம் சுற்று முடிந்த கையோடு வேறு ஊர் வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டார். காலை ஒன்பதரை மணி அப்படியே இருந்தது. ஒரு நாள், சுற்று முடிந்து திறந்த நோட்டைப் புரட்டிக்கொண்டே, "பென்சிலைக் கீழ வைக்கவே தெரியாதா உங்களுக்கு? எங்க பார்த்தாலும் புள்ளி" என்று கேலி செய்தார். நான் சிரித்தேன். அந்தப் புள்ளிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதுவரைக்கும் எலிதான். எலிகள் எப்படியும் சாகப் போகிறவை. நீலத்துக்கு நான் கடைசி ஏழு வாரத்தைச் சுகமாகக் கொடுத்தேன்.

மனிதர்களுக்கு மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்று போன வருடம் தெரிந்தது. தைராய்டு குறைந்த முதியவர்கள், இதயமும் பலவீனமாக இருப்பவர்கள். வழக்கமான தைராய்டு மாத்திரை அவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை, படபடவென்று அடித்துக்கொள்ளும். புது மருந்து சுரப்பியையே எழுப்பிவிடும் என்பதால், அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டு இதைக் கொடுப்பது என்று முடிவானது. நாற்பது பேர். அது நடக்கிற இடம் வேறு, மருத்துவர்கள் வேறு. எங்களுக்குத் தாள் மட்டும்தான் வரும். நாற்பது என்பது எனக்கு ஒரு எண்ணாகத்தான் இருந்தது. அவர்களில் யாருடைய கூண்டையும் நான் கழுவியதில்லை.

ஒரு காலை டாக்டரம்மா தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். மேலே ஏதோ கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அம்மாவை என்னிடம் உட்கார வைத்துவிட்டுப் போனார். அந்த அம்மாவுக்கு வாடை ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து கூண்டுகளைப் பார்த்தார்.

"நீங்கதானே எலிக்காரர்? வீட்டுல உங்க பேச்சுதான். அண்ணா இப்படிச் சொன்னார், அண்ணா அப்படிச் சொன்னார்னு."

ஒரு வீட்டில் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது எனக்குப் புதிது.

"நானும் அந்த நாப்பது பேர்ல ஒருத்தி," என்றார். "மாத்திரை போட்டா நெஞ்சு அடிச்சுக்குது. என் பொண்ணு கண்டுபிடிச்சதை நானே நம்பலைன்னா எப்படி? எலிங்க எல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்கம்மா," என்றேன்.

அவர் எலிகளைப் பற்றிக் கேட்டார். நான் எலிகளைப் பற்றிச் சொன்னேன்.

நாலு மாதம் கழித்து மகளோடு மறுபடி வந்தார். வெளியே நல்ல வெயில் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள், ஆனால் அந்த அம்மா கம்பளிச் சால்வையைக் கழுத்துவரை சுற்றியிருந்தார். படி இறங்கக் கை கொடுத்தேன். என் உள்ளங்கைக்கு உடனே தெரிந்துவிட்டது. சில்லென்ற கை. கண்ணுக்குக் கீழே உப்பல். மணிக்கட்டில் விரல் பட்ட இடத்தில் துடிப்பு ஒன்று வந்தது, பிறகு யோசித்துவிட்டு இன்னொன்று வந்தது. என்னைப் பார்த்து, "எலிக்காரரா?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆனது. எந்த மருத்துவருக்கும் முன்னால் எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடக் கை இது.

டாக்டரம்மா என்னைத் தனியே கழுவுகிற அறைக்கு அழைத்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா ரொம்ப சோர்ந்து போயிட்டாங்க அண்ணா. மருந்து பிடிக்கிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்னு அங்க சொல்றாங்க. எனக்கு என்னமோ பழைய மாத்திரையையே திரும்பக் கொடுத்துடலாமான்னு இருக்கு. நீங்க தினமும் பார்த்தவர். எலிங்க நடுவுல இப்படி இருந்துச்சா?"

நீங்கள் இத்தனை நாளாகத் தேடுகிற இடம் இதுதான். தண்ணீரை மாற்றிய காலை இல்லை, இந்தக் காலை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று மாலையே அந்த அம்மா மாத்திரை போட்டிருப்பார். மற்றவர்களும் போட்டிருப்பார்கள். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த நாள் ஒன்பதரைக்குக் கதவு திறக்காது என்பதும் தெரிந்தது.

"இருந்துச்சும்மா," என்றேன். "நீலத்துல பத்தும் அஞ்சாவது வாரம் வரைக்கும் இப்படித்தான் சுருண்டு கிடந்துச்சு. அப்புறம் எழுந்துடுச்சு. கொஞ்சம் பொறுங்க."

இதிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு முகம் தெளிந்தது. "நீங்க சொன்னா சரி அண்ணா" என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து ஒரு காலை அந்த அம்மாவை எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் இன்னும் மூன்று பேர். ஒரு தையல்காரர், ஒரு பழைய தபால்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு பெண்மணி. உங்கள் தாளில் நாலு என்று இருக்கிறது. எண்ணிக்கை சரிதான்.

எல்லாம் முடிந்த ஐந்தாம் நாள் டாக்டரம்மா கீழே வந்தார். மேலே போகவில்லை, நேராக என்னிடம் வந்தார். வேறு யாரிடமும் போக அவருக்கு மனசு வரவில்லை என்று சொன்னார். முக்காலியில் உட்கார்ந்தார். அழுதார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஆறிப் போனது, மறுபடி போட்டுக் கொடுத்தேன். சின்ன வயசில் அம்மா தலை பின்னிவிட்ட கதை, அம்மாவோடு போட்ட சண்டைகள், எல்லாம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு அவர் மூன்று மணி நேரம் இருந்தார். நாலு வருடத்தில் அதுதான் அதிகம். உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்: அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு மனசு நிறைவாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. துக்கம் குறைந்ததும் வருவார் என்றுதான் இருந்தேன். முக்காலியைத் துடைத்து வைத்தேன். ஒன்பதரைக்குக் கதவைப் பார்ப்பேன். பத்து மணிக்கு மறுபடி பார்ப்பேன். ஆராய்ச்சியை நிறுத்தினார்கள், எலிகளை முடிக்கச் சொன்னார்கள், முடித்தேன். முப்பது கூண்டும் காலியான பிறகு அந்த அறையில் உருண்டைச் சத்தமும் இல்லை. நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தினமும் கூப்பிட்டேன். வேலையை விட்டுவிட்டார் என்று மாடியில் இருப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். கணக்கைத் தான்தான் எங்கேயோ தப்பாகப் பார்த்திருப்பதாகவும், தன் அம்மாவைத் தானே கொன்றுவிட்டதாகவும் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். ஒரு மாலை அவர் வீட்டு எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன். சன்னலில் விளக்கு எரிந்தது. மணியை அழுத்தினேன். விளக்கு அணைந்தது.

அதனால்தான் நானாக உங்களிடம் வந்தேன். அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார். தண்ணீரை மாற்றியவன் நான். அந்த அம்மாவின் கையைத் தொட்டுத் தெரிந்துகொண்டு, மாத்திரை கொடுக்க விடாமல் தடுத்தவனும் நான். நாலு பேரும் என்னால்தான் போனார்கள். மாற்றிச் சொல்ல மாட்டேன். ஒரு பாவமும் அறியாத ஒருவர் இப்படித் தன்னையே கொன்றுகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. என் மனசாட்சிதான் என்னை இங்கே அழைத்து வந்தது.

இனி அந்தப் புள்ளிகள். நோட்டில் நீலக் குறி போட்டால் மருந்துத் தண்ணீர் வைத்தேன் என்று அர்த்தம். வைக்காததை வைத்ததாக எழுத என் கை வரவில்லை. அதனால் வெறும் தண்ணீர் வைத்த ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு புட்டிக்கும், குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். நாலு சுற்று, பத்துக் கூண்டு, தினமும். எல்லாம் இருக்கிறது. நேற்று நீங்கள் நோட்டைப் புரட்டினீர்கள், ஒன்றும் புரிந்திருக்காது. கை தவறி விழுந்த புள்ளிகளும் அதில் உண்டு. எது புட்டி, எது கை தவறியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களுக்கு விளக்கினால் புரியாது. டாக்டரம்மாவுக்குத்தான் புரியும். அவரை அனுப்புங்கள், பக்கம் பக்கமாகச் சொல்கிறேன். என்னை எங்கே வைத்திருந்தாலும் சரி. காலை ஒன்பதரை எனக்கு வசதி. அவருக்கு உட்கார ஒரு முக்காலி போதும். ஒரே நாளில் முடியாது என்பதை மட்டும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.